புதிய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்குவதும் அதற்குப் பழகுவதும்: சென்னைவாசிகளுக்கான கேள்வி பதில்கள்

சென்னையில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள், அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்கள், பல ஆண்டுகள் ரிவால்வர் வைத்திருந்துவிட்டுப் பிஸ்டலுக்கு மாறுபவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் தானாகவே மறுபடி தோட்டா ஏற்றிக்கொள்ளும். வாங்குவது, பழகுவது, பூட்டி வைப்பது என எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ரிவால்வரிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையின் அறைகளில் இருக்கும். விசையை (டிரிகரை) இழுக்கும்போதோ, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பின்னால் இழுக்கும்போதோ உருளை ஓர் அறை நகரும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டால், அது ஸ்பிரிங்கின் உந்துதலால் முன்னோக்கிப் பாயும்போது மேல் தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் அமர்த்தும். சுட்டவுடன் வெடிப்பின் அழுத்தம் ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளுகிறது, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு (உலோக உறை) வெளியே எறியப்படுகிறது, ஸ்லைடு திரும்பும்போது அடுத்த தோட்டா உள்ளே போகிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் வெளியேறும். தொடர்ந்து பொழிகிற முழு ஆட்டோமேட்டிக் ஆயுதம் வேறு, அது குடிமக்களுக்கு முற்றிலும் தடை செய்யப்பட்டது.

ரிவால்வரின் உருளையைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிஸ்டலைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பல விபத்துகளுக்குக் காரணம் இதுவே.

சாதாரணக் குடிமகன் இதைச் சட்டப்படி வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம், ஆனால் எந்த அளவுத் தோட்டாவுக்கானது என்பதைப் பொறுத்து. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளும் ஆயுதங்களை வகை பிரிக்கின்றன. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவை ஏற்கும் பிஸ்டல்கள் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. அவற்றுக்கான அனுமதி மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது, சாதாரண விண்ணப்பதாரருக்கு அது கிடைக்கும் என்று நம்பிப் பயனில்லை. நடைமுறையில் ஒரு சென்னைவாசி வாங்கக்கூடியது .32 அளவுப் பிஸ்டல், அல்லது விளையாட்டு நோக்கில் .22 பிஸ்டல் (இந்த எண்கள் அங்குலக் கணக்கில் குண்டின் ஏறத்தாழ விட்டம்).

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம் (முன்பு மூன்று). உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் கூட்டப்பட்டது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி வரம்புகள் உண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட வகையென்றால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு வரை. யாரோ வெளிமாநிலத்திலிருந்து மலிவாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

சென்னையில் யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? என்னென்ன கேட்பார்கள்?

சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர். அலுவலகம் வேப்பேரியில் இருக்கிறது. மாவட்டங்களில் அந்தப் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. ஆவடி, தாம்பரம் ஆணையரகங்களின் எல்லையில் குடியிருப்பவர்கள், தங்கள் முகவரி எந்த அலுவலகத்துக்கு உட்பட்டது என்பதை முதலிலேயே உறுதி செய்துகொண்டால் அலைச்சல் குறையும்.

தனிநபர் விண்ணப்பம் படிவம் ஏ-1இல் அளிக்கப்படுகிறது. இந்த வகைத் துப்பாக்கிக்கான உரிமம் படிவம் மூன்றில் வரும். வயது, முகவரி, அடையாளச் சான்றுகள், புகைப்படங்கள், உடல்நலமும் மனநலமும் சீராக உள்ளன என்ற மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பத்திரமாக வைக்கும் ஏற்பாடு குறித்த விவரம் ஆகியவை தேவைப்படும். உங்கள் பகுதிக் காவல் நிலையம் விசாரித்து 30 நாட்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது விதி. உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது.

எல்லாம் முறையாக இருந்தாலும் மாதங்கள் ஆகும். இதற்கு இடைத்தரகர் தேவையில்லை. 'முடித்துத் தருகிறேன்' என்று முன்வருபவரால் உங்கள் விண்ணப்பத்துக்குக் கெடுதிதான் நேரும்.

தற்காப்புக்காக என்று கேட்டால் கொடுப்பார்களா?

பயமாக இருக்கிறது என்பது மட்டும் போதுமான காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. குறிப்பிட்ட மிரட்டல், அதன்மீது கொடுக்கப்பட்ட புகார், பணமோ நகையோ எடுத்துச் செல்லும் தொழில், ஆளரவமற்ற இடத்தில் வசிப்பது போன்ற, ஆவணத்தால் காட்டக்கூடிய காரணம் வேண்டும். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று மேல்முறையீடு செய்யலாம்.

என் கருத்தைக் கேட்டால், அடுக்குமாடிக் குடியிருப்பில் திருட்டு பயத்துக்கு நல்ல கதவும் கேமராவும் தருகிற பாதுகாப்பைப் பூட்டிய பெட்டியில் இருக்கும் பிஸ்டல் தருவதில்லை. தற்காப்பு உரிமையின் எல்லைகள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் சொல்லப்பட்டிருக்கின்றன. தேவைக்கு மிஞ்சிய தீங்கை அந்த உரிமை அனுமதிப்பதில்லை என்பதை, விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்வது நல்லது.

எனக்குக் குறி பார்த்துச் சுடும் ஆர்வம்தான். பிஸ்டல் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். 2021இல் நடிகர் அஜித்குமார் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் பதக்கங்கள் வென்ற பிறகு இந்த ஆர்வம் சென்னையில் கூடியிருக்கிறது, அது நல்லதே. ஆனால் தொடங்க வேண்டியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். 4.5 மி.மீ. (.177) அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. சென்னை ரைபிள் கிளப் போன்ற ஓர் அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தால், கிளப்பின் ஆயுதத்தைக் கொண்டு அதன் வளாகத்தில், பயிற்சியாளரின் கண்காணிப்பில் சுடலாம். விசையை நடுக்கமின்றி இழுக்கும் பழக்கம் ஏர் பிஸ்டலில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெரிய துப்பாக்கியின் சத்தத்தோடும் உதைப்போடும் அதைக் கற்பதற்கு இன்னும் அதிகக் காலம் பிடிக்கும்.

.32 பிஸ்டலில் என்னென்ன கிடைக்கும்? விலை எப்படி?

நீண்ட காலமாகப் பலரும் வாங்குவது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாராகும் 'அஷானி'. அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, துப்பாக்கித் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தன. நம் திருச்சித் தொழிற்சாலையும் அதில்தான் இருக்கிறது. தனியார் உற்பத்தியாளர்களும் சில ஆண்டுகளாகக் களத்தில் இருக்கிறார்கள்.

விலையைக் கேட்கும்போது வரியைச் சேர்த்துக் கேளுங்கள். ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு இன்றும் பெரிய மவுசு இருக்கிறது. தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வால்தர், வெப்ளி, பெரெட்டா போன்றவை கைமாறிக் கைமாறி விலை ஏறியே போகின்றன. அழகானவைதான். ஆனால் மேகசினோ ஸ்பிரிங்கோ, காலிக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரோ போனால் அசல் பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விற்பவரிடம் பதில் இருக்காது. முதல் பிஸ்டலாக வாங்குபவருக்கு, தொழிற்சாலையிலிருந்து வரும் புதியதையே பரிந்துரைப்பேன்.

என்னிடம் .32 ரிவால்வர் தோட்டாக்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றைப் பிஸ்டலில் போடலாமா?

போடக்கூடாது. இரண்டும் '.32' என்றே அழைக்கப்பட்டாலும் வேறு வேறு தோட்டாக்கள். பிஸ்டலுக்கானது ஜான் பிரவுனிங் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடிவமைத்த .32 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), 7.65 மி.மீ. பிரவுனிங் என்றும் அதற்குப் பெயர், கூட்டின் நீளம் சுமார் 17 மி.மீ. இந்திய .32 ரிவால்வர்களுக்கானது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். அதன் கூடு நீளமானது, அடிப்பகுதியில் அகன்ற விளிம்பு உண்டு. குழப்பத்துக்கு இன்னொன்றும் சேர்கிறது: 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்கான விலையுயர்ந்த பிஸ்டல்கள் சில அந்த ரிவால்வர் தோட்டாவையே ஏற்பவை. ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் குழலின்மீது பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்பது காரணமாகாது.

ஒரே நேரத்தில் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்பது உங்கள் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை எறிந்துவிடாதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது கணக்குக் கேட்கப்படலாம்.

கடையில் கையில் வாங்கியவுடன் எதைப் பார்க்க வேண்டும்?

கடைக்காரர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து காலி என்று காட்டியபின் கொடுக்க வேண்டும். அப்படிக் காட்டினாலும் நீங்கள் மறுபடி பாருங்கள். இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் வணிகரிடம் வாங்கத் தேவையில்லை.

அடுத்தது, ஸ்லைடை இழுக்க முடிகிறதா என்பது. பெரும்பாலான .32 பிஸ்டல்களில் குழலையும் ஸ்லைடையும் பூட்டும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அதனால் சிறிய துப்பாக்கியாக இருந்தும் ஸ்பிரிங் கடுமையாக இருக்கும். விரல் மூட்டு வலி உள்ளவர்களும் வயதானவர்களும் கடையிலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். இடது கையால் ஸ்லைடை அசையாமல் பற்றிக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளினால் எளிதாகும். அதுவும் முடியவில்லையென்றால் ரிவால்வரே உங்களுக்கு ஏற்றது. இதில் குறைவு ஒன்றுமில்லை.

பிறகு குழலின் உட்புறம், துப்பாக்கியோடு வரும் மேகசின்கள் தடையின்றிச் செருகிக் கழல்கின்றனவா என்பது, பாதுகாப்புப் பூட்டு விசையை உண்மையாகவே தடுக்கிறதா என்பது ஆகியவற்றைப் பாருங்கள். துப்பாக்கியின் எண் பில்லிலும் உரிமத்திலும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். எண் அழிந்தோ திருத்தப்பட்டோ இருந்தால் தொடவே வேண்டாம். அது தனிக் குற்றம்.

வாங்கியபின் சட்டப்படி செய்ய வேண்டியது என்ன?

உரிமத்தில் குறித்த கெடுவுக்குள் துப்பாக்கியையும் பில்லையும் உரிம அதிகாரியிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் போடுங்கள். வீடு மாறினால் பழைய பகுதியிலும் புதிய பகுதியிலும் தெரிவிக்க வேண்டும்.

பிஸ்டல் காலிதான் என்று எப்படி உறுதி செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பதே மிகப் பரவலான, மிக ஆபத்தான எண்ணம். மேகசின் வெளியே வந்தபின்னும் சேம்பரில் ஒரு தோட்டா இருக்கலாம். விசையை இழுத்தால் அது வெடிக்கும். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்கும் அமைப்பு சில பிஸ்டல்களில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. இருப்பதாக நினைத்து அதை நம்புவது தவறு.

வரிசை முக்கியம். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, முதலில் மேகசினைக் கழற்றி அப்பால் வையுங்கள். அதன்பின் ஸ்லைடை முழுவதுமாகப் பலமுறை இழுத்துவிடுங்கள். உள்ளே தோட்டா இருந்தால் வெளியே விழும். பிறகு ஸ்லைடைப் பின்னால் பிடித்தபடி சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தடவியும் பாருங்கள். மின்வெட்டு நேரத்திலும் மங்கிய வெளிச்சத்திலும் கண்ணைவிட விரலை நம்பலாம். இந்த வரிசையை மாற்றி, மேகசின் உள்ளிருக்கும்போதே ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் காலி செய்து, அதன்பின் மேகசினைக் கழற்றினால் என்ன ஆகும்? ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து புதிய தோட்டா உள்ளே போயிருக்கும். 'நான் காலி செய்துவிட்டுத்தானே பார்த்தேன்' என்று விபத்துக்குப் பின் சொல்லப்படுவது பெரும்பாலும் இப்படி நடந்ததுதான்.

துப்பாக்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். கொடுப்பவர் உங்கள் சித்தப்பாவாக இருந்தாலும், ஓய்வுபெற்ற காவல் அதிகாரியாக இருந்தாலும் செய்ய வேண்டும்.

முதல் முறை சுடுவதற்கு முன் என்ன ஆயத்தம்?

தொழிற்சாலையில் பூசப்படும் கெட்டி எண்ணெய் துருவைத் தடுப்பதற்கானது, ஓட்டத்துக்கானது அன்று. கையேட்டின்படி பிரித்து, குழலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய் விட்டு மீண்டும் பொருத்துங்கள். பிரிக்கும்போது ஸ்பிரிங் பாய்ந்து கண்ணில் படக்கூடும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முதல் தடவை கடைக்காரரையோ பயிற்சியாளரையோ பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சுடும் இடம் அனுமதி பெற்ற சுடுதளமாக மட்டுமே இருக்க வேண்டும். மாந்தோப்பு, பண்ணை வீடு, ஈசிஆர் ஓரத்து மணல்மேடு எதுவும் அதற்கு மாற்றாகாது. துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும். காது மூடி இல்லாமல் ஒரு குண்டு சுட்டாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம். சூடான காலிக் கூடு சட்டைக் காலருக்குள் விழுந்தால் எவரும் துள்ளுவார்கள், துள்ளும்போது குழல் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. எனவே கழுத்தை மூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் எதையும் உண்ண வேண்டாம். தோட்டாவின் ஈயத்துகள் விரல்களில் தங்கும், நாமோ கையால் பிசைந்து சாப்பிடுபவர்கள்.

பல வருடம் ரிவால்வர் சுட்டவன் நான். பிஸ்டலில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

முதலில் இடது கட்டைவிரலை. ரிவால்வரை இரு கையால் பிடிக்கும்போது இடது கட்டைவிரலை வலது கையின் பின்புறமாகக் குறுக்கே போடும் பழக்கம் பலருக்கு உண்டு. பிஸ்டலில் அந்த இடத்துக்குத்தான் ஸ்லைடு வேகமாகப் பின்வாங்கி வரும்; தோல் கிழியும். இரண்டு கட்டைவிரல்களும் இடப்பக்கத்தில், ஸ்லைடுக்குக் கீழே, முன்னோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கட்டும். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் இடையே தீச்சுவாலை வரும் என்பதால் முன்பக்கம் விரல் வைக்காமல் பழகியிருப்பீர்கள். இங்கே கவனம் பின்பக்கத்துக்கு மாற வேண்டும்.

இரண்டாவது, மணிக்கட்டு. மணிக்கட்டைத் தளர்த்திச் சுட்டால் ஸ்லைடு பின்னால் போவதற்குத் தேவையான எதிர்ப்பிடி கிடைக்காது. அது முழுத்தூரம் போகாமல் திரும்பும், காலிக்கூடு வாயிலிலேயே மாட்டிக்கொள்ளும். துப்பாக்கியில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் கணிசமானோருக்குக் கோளாறு பிடியில்தான்.

மூன்றாவது, விசை. முதல் குண்டுக்கு நீண்ட, கனமான இழுப்பும், ஸ்லைடு சுத்தியலைத் தானே பின்னால் நிறுத்திவிடுவதால் அடுத்த குண்டுக்குச் சிறிய, இலேசான இழுப்பும் உள்ள பிஸ்டல்கள் உண்டு. ரிவால்வரின் ஒரே சீரான இழுப்புக்குப் பழகிய விரல் இரண்டாவது குண்டை நினைத்ததற்கு முன்பே விட்டுவிடும். இந்தக் காரணத்துக்காகவே ஆரம்பப் பயிற்சிகளில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடச் சொல்வது வழக்கம். சலிப்பூட்டும் முறைதான், ஆனாலும் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

தோட்டா குறைவாகவே கிடைக்கிறது. எப்படிப் பயிற்சி எடுப்பது?

பெரும்பகுதிப் பயிற்சி தோட்டாவே இல்லாமல் செய்யக்கூடியது. மேலே சொன்னபடி காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, சேம்பருக்குள் பயிற்சிக்கான போலித் தோட்டா போட்டு, கெட்டியான வெளிச்சுவரை நோக்கிக் குறி பார்த்து விசையை இழுக்கலாம். விசை விழும் கணத்தில் முன்குறி (குறி பார்க்கக் குழல் முனையில் உள்ள முனைப்பு) அசையக் கூடாது. தினமும் சிறிது நேரம் போதும். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியை உடனே பூட்டிவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று தோட்டா ஏற்றியபின் எடுப்பதில்தான் சுவரும் தொலைக்காட்சியும் துளைபடுகின்றன. போலித் தோட்டா இல்லாமல் வெறுமையாகத் தொடர்ந்து இழுப்பது சில மாடல்களில், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைச் சேதப்படுத்தும் என்பதால் கையேட்டைப் பாருங்கள்.

நடுவில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

எந்தச் சிக்கலானாலும் குழல் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் காட்டத் திரும்புவதுதான் சுடுதளங்களில் பயிற்சியாளர்களைக் கத்த வைக்கும் செயல்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அரை நிமிடம் அப்படியே இலக்கை நோக்கிப் பிடித்திருங்கள்; தாமதமாக வெடிக்க வாய்ப்புண்டு. அதன்பின் மேகசினைக் கழற்றித் தோட்டாவை வெளியேற்றுங்கள். வெடித்த சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக, 'பொத்'தென்று கேட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

.32 ஏசிபிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகலமானது. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால் இரண்டும் கொக்கி போலப் பிணைந்து, ஸ்லைடு தள்ளினாலும் நகராது. ஏற்றும்போது ஒவ்வொன்றையும் பின்சுவர் வரை தள்ளி அமர்த்தி, மேலிருந்து ஒருமுறை சரிபார்த்தால் பெரும்பாலும் வராது. பிணைந்துவிட்டால் ஸ்லைடோடு மல்லுக்கட்டாமல் மேகசினைக் கழற்றி, தோட்டாக்களை இறக்கி, மறுபடி அடுக்குங்கள்.

சென்னை ஈரப்பதத்தில் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றே போதும், கருநிற மெருகுள்ள எஃகில் சில நாட்களில் செம்புள்ளி விழுவதற்கு. தோல் உறையில் வைத்துப் பூட்டுவதே இங்கே செய்யப்படும் பெரிய பிழை. தோல் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டி வைத்திருக்கும். உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும். மெல்லிய எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டியில் வையுங்கள், அந்தப் பைகளை அவ்வப்போது மாற்றுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துடைப்பது அவசியம். வியர்த்த கையால் தொட்டபின் துடைக்காமல் வைத்தால் விரல்ரேகையே துருவாகப் பதியும். தோட்டாவில் எண்ணெய் படக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் பெட்டியைத் தரையோடு பொருத்தாமல் சுவரில் உயரமாகப் பொருத்துங்கள்.

வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைப்பது?

மேகசின் வெளியே, சேம்பர் காலி, சுவரோடு போல்ட் செய்த எஃகுப் பெட்டி, தோட்டாக்கள் தனிப் பூட்டில். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைப்பது பூட்டி வைப்பது ஆகாது. வீட்டுக் குழந்தைகளுக்குப் பீரோவின் ஒவ்வொரு மூலையும் தெரியும். சாவி உரிமதாரரிடம் மட்டும் இருக்கட்டும், ஏனெனில் உரிமம் குடும்பத்துக்கானது அன்று, ஒரு நபருக்கானது.

இதைத் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது: வீட்டில் யாரேனும் கடும் மனச்சோர்வில் இருந்தால், குடிப்பழக்கம் முற்றியிருந்தால், சண்டை தொடர்ந்தால், துப்பாக்கி அந்த வீட்டில் இருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெறலாம். நிலைமை சீரானபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தொலைந்துபோனால் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் உடனே புகார் கொடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வைக்கலாமா?

காலி செய்து, உரிமதாரர் அருகிலேயே இருக்க, தாராளமாக வைக்கலாம். சந்தனமும் குங்குமமும் மரக் கைப்பிடியில் ஒரு பொட்டோடு நிற்கட்டும். ஸ்லைடின் தடத்திலும் பாதுகாப்புப் பூட்டிலும் காய்ந்துபோன சந்தனத்தைச் சுரண்டி எடுப்பது பெரிய வேலை. பூஜை முடிந்ததும் வானத்தை நோக்கி ஒன்று சுடுவது மட்டும் கூடாது. கொண்டாட்டத்துக்காகச் சுடுவதற்கு 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வெளியே எடுத்துச் செல்லலாமா?

உரிமத்தில் எந்த எல்லைக்குள் என்று எழுதியிருக்கிறதோ அதற்குள், உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உறைக்குள் மறைவாக எடுத்துச் செல்லலாம். பொது இடத்தில் காட்டுவதும் ஓங்குவதும் விதிமீறல். இடுப்பில் செருகியபடி எடுத்த படத்தை வாட்ஸப்பில் போட்டு உரிமத்தை இழந்தவர்கள் உண்டு. சுடுதளத்துக்குப் போகும் வழியில் காரில் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். விமானப் பயணமென்றால் முன்கூட்டியே நிறுவனத்திடம் தெரிவித்து, காலி செய்து, ஒப்படைக்கும் பெட்டியில்தான் கொண்டுபோக முடியும்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்க வேண்டுமா?

நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும். ஒப்படைக்கும்முன் நன்றாக எண்ணெய் பூசி, துப்பாக்கி எண், மேகசின்களின் எண்ணிக்கை, தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் ரசீதில் எழுதப்படுகின்றனவா என்று பாருங்கள். வங்கிக் காவலர்கள், போட்டி வீரர்கள் போன்றோர் விலக்கு கோரி விண்ணப்பிக்கலாம். திரும்ப வாங்கியவுடன் காலியா என்று பார்த்து, அன்றே சுத்தம் செய்யுங்கள்.

ஸ்பிரிங்கைத் தளர்த்தியோ விசையை இலேசாக்கியோ தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். குழலைக் குறுக்குவதும் ஆயுதத்தின் வகையை மாற்றுவதும் குற்றம். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் ஸ்லைடு தேவைக்கு மேல் வேகமாகப் பின்வாங்கி, அதைத் தாங்கும் அடிச்சட்டமான ஃபிரேமில் மோதும். விசையை அரத்தால் ராவினால் கீழே விழுந்தாலே வெடிக்கும் நிலைக்கு வரக்கூடும். இழுப்பு கனமாகத் தோன்றுவது, வெற்றுப் பயிற்சி தொடரத் தொடரக் குறையும்.

பழகவே வரவில்லை, விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன்.

விற்கலாம். வாங்குபவரிடம் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும். விற்கப்போவதை உரிம அதிகாரியிடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ எழுத்துமூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்தபின்பே கைமாற்ற வேண்டும். உரிமம் பெற்ற வணிகரிடம் கொடுப்பது எளிய வழி. மேகசின்கள், கையேடு, தோட்டாக்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்புகை வாங்கி, உங்கள் உரிமத்திலிருந்து அந்த எண் நீக்கப்பட்டுவிட்டதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.